வெளிநாட்டுக் காசுக்கு வரி இல்லை என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள்

கடற்கரை ஊர்களின் ஜமாஅத்துகளுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரையிலான ஊர்களின் ஜமாஅத் நிர்வாகிகள், மீனவ கிராமத் தலைவர்கள், துபாய், ஷார்ஜா, தம்மாம், தோஹா, குவைத், கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று போன இடத்திலெல்லாம் நம் ஊர்ப் பெயரில் சங்கம் நடத்திவரும் பொறுப்பாளர்கள் அனைவருக்கும் ஸலாமும் வணக்கமும்.

பயணம் முடித்து ஊரோடு வந்துவிட்ட சபராளிகளின், அதாவது வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போனவர்களின், வருமான வரிக் கணக்கைப் பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. ராமநாதபுரத்தில் சின்னதாக ஓர் அலுவலகம். கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், சித்தார்கோட்டை, தேவிபட்டினம், தொண்டி என்று பல ஊர்க்காரர்களும் வருகிறார்கள். எதிரே உட்கார்ந்ததும் அநேகமாக எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "வெளிநாட்டுக் காசுக்கு வரி இல்லைன்னு சங்கத்துல சொன்னாங்களே, அப்புறம் எதுக்கு எனக்கு மெசேஜ் வருது?"

சங்கத்தில் சொன்னதால்தான் இந்த மடலை வருமான வரித் துறைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். துறையின் சுற்றறிக்கையை நம் ஊரில் யாரும் படிப்பதில்லை. நீங்கள் சொன்னால் கேட்கிறார்கள். ஆகவே நீங்கள் சொல்வது பாதியில் நிற்கக் கூடாது.

நீங்கள் சொன்னது பொய் இல்லை. ஆள் அங்கே வேலையில் இருக்கிற வரைக்கும் அது முழு உண்மை. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான ஆண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்த நம் சபராளி, இரண்டு மாத லீவில் வந்து போனாலும், வரிச் சட்டத்தின் கணக்கில் வெளிநாட்டில் வசிப்பவர்தான். அங்கே சம்பாதித்து அங்கேயே வாங்கிய சம்பளத்துக்கு இங்கே ஒரு பைசா வரி கிடையாது, எழுதிக் காட்டவும் வேண்டியதில்லை. அந்தப் பணத்தை ஊருக்கு அனுப்புவதும் வருமானம் ஆகாது. மனைவிக்கு, உம்மாவுக்கு, கூடப் பிறந்தவர்களுக்கு அனுப்பினால் வாங்குகிறவர்களுக்கும் வரி இல்லை. (இங்கேயே கட்டடம், கடை என்று வருஷத்துக்கு 15 லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு அந்த 182 நாள் 120 ஆகச் சுருங்கிவிடும். அப்படிப்பட்டவர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கு ஆடிட்டரே வந்து போவார், அவர்களை விட்டுவிடுவோம்.)

விசாவை கேன்சல் பண்ணிவிட்டு மதுரையிலோ திருச்சியிலோ வந்து இறங்குகிறார் பாருங்கள், அன்றைக்குத்தான் கதை மாறுகிறது. உடனே மாறிவிடுவதில்லை, படிப்படியாக மாறுகிறது. எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரியாமல் நிற்பதுதான் ஆபத்து.

ஒரு கணக்கைப் போட்டே காட்டுகிறேன். பதினைந்து வருஷம் ஷார்ஜாவில் இருந்தவர் 2024 ஆகஸ்ட் 20 அன்று முடித்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்த நாளையும் சேர்த்து மார்ச் 31 வரை எண்ணினால் 224 நாள். 182-ஐத் தாண்டிவிட்டது, ஆகவே 2024-25ஆம் ஆண்டிலேயே அவர் இந்தியாவில் வசிப்பவர் ஆகிவிட்டார். பயப்பட வேண்டாம், சட்டம் இங்கே ஓர் அவகாசம் வைத்திருக்கிறது. அதற்கு முந்தைய பத்து ஆண்டில் ஒன்பது ஆண்டு வெளிநாட்டில் வசித்தவராக இருந்தாலும் சரி, முந்தைய ஏழு ஆண்டில் இந்தியாவில் இருந்த நாட்கள் மொத்தம் 729-க்கு மேல் போகாமல் இருந்தாலும் சரி, அவர் 'ஆர்என்ஓஆர்'. அதாவது இங்கே வசிப்பவர்தான், ஆனால் இன்னும் முழுசாக ஊர்க்காரர் ஆகாதவர். அந்த நிலையில் இருக்கும்வரை அங்கே விட்டு வந்த வங்கிக் கணக்கின் வட்டிக்கோ வீட்டு வாடகைக்கோ இங்கே வரி இல்லை. வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலும் கொடுக்க வேண்டாம். இங்கே உட்கார்ந்துகொண்டு அங்கே ஒரு தொழிலை நடத்தினால் மட்டும் அந்த வருமானத்துக்கு வரி உண்டு.

நம் ஷார்ஜாக்காரர் 2024-25இல் ஆர்என்ஓஆர். 2025-26இலும் அப்படியே, ஏனென்றால் பத்து ஆண்டில் ஒன்பது என்ற கணக்கு இன்னும் நிற்கிறது. 2026-27இல் அந்தக் கணக்கு உடைந்துபோகும். மிச்சம் இருப்பது 729 நாள் கணக்கு மட்டும். முதல் ஆண்டின் 224, இரண்டாம் ஆண்டின் 365, ஆக 589 போய்விட்டது. பாக்கி 140. அதற்கு முந்தைய ஐந்து ஆண்டில் அவர் லீவில் வந்து இங்கே தங்கிய நாட்கள் 140-க்குள் இருந்தால் மூன்றாம் ஆண்டும் தப்பினார். இரண்டு தடவை, தடவைக்கு இரண்டு மாதம் என்று வந்தவர் தப்புவார். மூன்று தடவை வந்தவர் தப்ப மாட்டார். தங்கச்சி கல்யாணம், வீட்டுக் குடிபுகல் என்று கூட ஒரு லீவு போட்டவருக்கும், கொரோனா சமயத்தில் ஃப்ளைட் இல்லாமல் இங்கேயே மாட்டிக்கொண்டவருக்கும் அந்த மூன்றாம் ஆண்டு கிடைக்காது. அதன்பின் உலகத்தில் எங்கிருந்து வரும் வருமானமானாலும் இந்தியக் கணக்கில் வந்தாக வேண்டும்.

வந்து இறங்கும் தேதிக்கே எவ்வளவு மதிப்பு என்றால், பிப்ரவரிக்கு 28 நாள் உள்ள ஆண்டில் அக்டோபர் 1 அன்று வந்தவருக்கு அந்த ஆண்டில் 182 நாள் ஆகிவிடும். அக்டோபர் 2 அன்று வந்தவருக்கு 181. டிக்கெட் போடும்போது விலை பார்க்கிறோம், லக்கேஜ் எத்தனை கிலோ என்று பார்க்கிறோம், இதை யாராவது பார்க்கிறோமா?

இவ்வளவு நாள் கணக்குக்கும் ஆதாரம் பாஸ்போர்ட்தான். புதுப்பித்த பிறகு மூலை வெட்டித் திருப்பிக் கொடுக்கும் பழைய பாஸ்போர்ட்டை எங்கே வைத்தோம் என்றே தெரியாதவர்கள் நம்மில் பாதிப் பேர். துபாய் ஸ்மார்ட் கேட்டில் கண்ணைக் காட்டிவிட்டு நடந்து போனவர்களுக்கு அங்கே முத்திரையும் விழாது. நம் விமான நிலையத்தில் குத்திய முத்திரைதான் அப்போது கை கொடுக்கும். பழைய புத்தகங்களை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைக்கச் சொல்லுங்கள்.

இனி, நான் அதிகம் பார்க்கும் வினைக்கு வருகிறேன். ஊருக்கு வந்த முதல் வருஷம் வீடு கட்டவோ கடை வைக்கவோ லோன் கேட்டுப் போனால், வங்கியில் "ஐடிஆர் கொண்டாங்க" என்கிறார்கள், அதாவது வருமான வரிக் கணக்குப் படிவம். நம் ஆள் நேராக ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போகிறார். பத்து நிமிஷ வேலை, சில நூறு ரூபாய். ஆதார், பான் வாங்கி, போனில் வந்த ஓடிபியைச் சொல்லச் சொல்லி, ஐடிஆர்-1 அல்லது ஐடிஆர்-4 போட்டுக் கையில் ஒரு தாள் கொடுத்துவிடுகிறார்கள். அந்த இரண்டு படிவமும் முழுசாக ஊர்க்காரர் ஆனவர்களுக்கு மட்டும். வெளிநாட்டில் வசிப்பவர் போடக் கூடாது, ஆர்என்ஓஆர் போடக் கூடாது, வெளிநாட்டில் சொத்தோ வங்கிக் கணக்கோ உள்ளவரும் போடக் கூடாது. ஆக, சட்டம் இரண்டு மூன்று வருஷ அவகாசம் கொடுத்திருக்க, "எனக்கு அந்த அவகாசம் வேண்டாம், எனக்கு வெளிநாட்டில் ஒன்றும் இல்லை" என்று அவரே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. தப்பான படிவம் போட்டதால் அவருடைய உண்மை நிலை மாறிவிடாதுதான். ஆனால் பின்னால் கேள்வி வரும்போது அவருக்கு எதிராக முதலில் எடுத்து வைக்கப்படுவது அந்தத் தாள்தான். அவருக்குரியது ஐடிஆர்-2, தொழில் வருமானம் இருந்தால் ஐடிஆர்-3.

அடுத்தது என்ஆர்ஈ டெபாசிட், அதாவது வெளிநாட்டில் வசிப்பவர் அங்கே சம்பாதித்ததை இங்கே வங்கியில் ரூபாயில் போட்டு வைப்பது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆடிட்டர்களிலேயே சிலர் இதில் இடறுகிறார்கள். டெபாசிட் ரசீதின் தலைப்பில் என்ஆர்ஈ என்று அச்சடித்திருக்கும். அதன் வட்டிக்கு வரி இல்லை என்பது ஊருக்கே தெரியும். எதனால் இல்லை? வைத்திருப்பவர் அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவர் என்பதால். வரிச் சட்டம் போல அந்தச் சட்டம் திரும்பி வந்தவரிடம் நாளை எண்ணிக்கொண்டு நிற்பதில்லை. இனி இங்கேதான் என்று முடிவு பண்ணி வந்து இறங்கிவிட்டால், பொதுவாக அன்றிலிருந்தே அவர் இங்கே வசிப்பவர். ஆக அன்றிலிருந்தே என்ஆர்ஈ வட்டியின் சலுகையும் போயிற்று. ஆர்என்ஓஆர் என்ற குடை இதற்கு நிழல் தராது. வங்கியில் போய்ச் சொல்லி, கணக்கைச் சாதாரணக் கணக்காகவோ ஆர்எஃப்சி என்ற வெளிநாட்டுச் செலாவணிக் கணக்காகவோ மாற்றிக்கொள்ள வேண்டும். டாலரில் வைத்த எஃப்சிஎன்ஆர் டெபாசிட் என்றால் முதிர்வு வரை அப்படியே வைத்திருக்கலாம். ஆர்என்ஓஆராக இருக்கும்வரை அதன் வட்டிக்கு வரி இல்லை, ஆர்எஃப்சிக்கும் அப்படியே.

நடப்பது என்ன? வங்கி மேனேஜருக்கு என்ஆர்ஈ டெபாசிட் கையை விட்டுப் போகக் கூடாது. நம் ஆளுக்கு வட்டி வரியில்லாமல் வர வேண்டும். இருவரும் வாயைத் திறப்பதில்லை. ஐந்து வருஷம் ஓடிவிடுகிறது. இதில் பரிதாபம் என்னவென்றால், 20 லட்சத்துக்கு 7 சதவீத வட்டி என்று வைத்தாலும் வருஷத்துக்கு 1,40,000 ரூபாய். 2025-26ஆம் ஆண்டுக்குப் புதிய வரி முறையில், இங்கே வசிக்கும் ஒருவருக்கு 12 லட்சம் வரையிலான சாதாரண வருமானத்துக்குத் தள்ளுபடி போக வரியே வராது. ஆர்என்ஓஆருக்கும் அந்தத் தள்ளுபடி உண்டு. காட்டியிருந்தால் ஒன்றும் கட்ட வேண்டியிருந்திருக்காது. கட்ட வேண்டாத வரிக்குப் பயந்து மறைத்தவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

அங்கே மூடாமல் விட்டு வந்த வங்கிக் கணக்கின் சங்கதியும் இதே ஜாதிதான், ஆனால் அடி பலமாக விழும். வேலை முடிந்ததும் கம்பெனி தரும் சர்வீஸ் பணம் இன்னும் வரவில்லை, கூட்டாளிக்குக் கொடுத்த கடன் பாக்கி இருக்கிறது, மறுபடி விசா கிடைத்தால் போகலாம், எதற்கும் இருக்கட்டும் என்று கணக்கை அப்படியே விட்டுவிட்டு வருகிறோம். ஆர்என்ஓஆர் காலம் முடிந்த பிறகும் அந்தக் கணக்கு உயிரோடு இருந்தால், இங்கே ஒரு ரூபாய் வருமானம் இல்லாதவரும் ஐடிஆர் போட்டே ஆக வேண்டும். வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் வங்கியின் பெயர், கணக்கு எண், எப்போது தொடங்கியது, ஆண்டில் அதிகபட்சம் எவ்வளவு இருந்தது, ஆண்டு முடிவில் எவ்வளவு என்று எழுத வேண்டும். அந்த ஆண்டும் நம் ஏப்ரல் - மார்ச் இல்லை, ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. திர்ஹமை ரூபாயாக்க ஸ்டேட் வங்கியின் டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர் (TT) வாங்கும் விலை. மச்சானுடைய கடைக் கணக்கில் செக் கையெழுத்துப் போடும் அதிகாரம் மட்டும் இருந்தாலும் அதுவும் இதில் வரும்.

எழுதாவிட்டால்? 2015இல் வந்த கருப்புப் பணச் சட்டத்தில் ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க இடம் இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல், வீடு நிலம் நீங்கலான வெளிநாட்டுச் சொத்து எல்லாம் சேர்த்து 20 லட்சத்துக்குள் இருந்தால் இந்த அபராதம் இல்லை என்று தளர்த்தியிருக்கிறார்கள். நல்ல காரியம். நம் சாதாரண சபராளிகள் பலர் அதனால் மூச்சு விட்டார்கள். ஆனால் விலக்கு அபராதத்துக்குத்தான், எழுதிக் காட்டும் கடமைக்கு இல்லை. 20 லட்சத்தைத் தாண்டியவர்களுக்கும், அங்கே ஃப்ளாட் வாங்கிப் போட்டவர்களுக்கும் பழைய அபராதம் அப்படியே நிற்கிறது. வருமானத்தையோ சொத்தையோ மறைத்ததாக முடிவானால் 30 சதவீத வரியும், அந்த வரியைப் போல மூன்று மடங்கு அபராதமும். பதுக்கல்காரனுக்கென்று நெய்த வலை இது. கண்ணி சின்னதாக இருப்பதால் நெத்திலியும் மாட்டுகிறது.

"துபாய் பேங்குல இருக்கறது இவனுகளுக்கு எப்படித் தெரியும்?" என்று இன்றும் கேட்கிறார்கள். தெரியும். நாடுகள் வங்கித் தகவலை ஆண்டுதோறும் தானாகவே பரிமாறிக்கொள்ளும் ஏற்பாட்டில் இந்தியா 2017 முதல் இருக்கிறது. அமீரகம், சிங்கப்பூர், மலேசியா எல்லாம் 2018இல் வந்துவிட்டன. அங்கே ரெசிடென்ஸ் விசா இருக்கும்வரை நீங்கள் அந்த நாட்டுக்காரர் கணக்கில் இருப்பீர்கள். விசா கேன்சலாகி, வங்கியில் ஊர் முகவரியையும் +91 எண்ணையும் கொடுத்த பிறகு, அந்தக் கணக்கு இந்தியாவுக்கு அனுப்பும் பட்டியலுக்கு வந்துவிடும். 2024 நவம்பரில் வருமான வரித் துறை இந்தத் தகவலை வைத்துக்கொண்டுதான் ஒரு விழிப்புணர்வு இயக்கம் நடத்தி, வெளிநாட்டுச் சொத்தைக் காட்டாதவர்களுக்குக் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் அனுப்பியது. நம் பக்கத்துக்கு வந்தவை ஆங்கிலத்தில் வந்தன. பாதிப் பேர் ஏமாற்று மெசேஜ் என்று அழித்துவிட்டார்கள். மீதிப் பேர் இரவெல்லாம் தூங்கவில்லை.

எழுத்தில் இல்லாத பங்குகளைப் பற்றி உங்களிடம்தான் பேச முடியும். துபாய் தேராவில் ஒரு கஃபட்டீரியா, ஷார்ஜாவில் ஒரு பகாலா, அதாவது மளிகைக் கடை. நாலு பேர் சேர்ந்து போட்ட முதல், லைசென்ஸ் ஒருத்தர் பெயரில், மற்ற மூவருக்கும் நம்பிக்கைதான் பத்திரம். ஊரோடு வந்துவிட்ட பங்காளிக்கு மாதாமாதம் லாபம் வருகிறது, சில நேரம் வங்கி வழியாக, சில நேரம் உண்டியலில், அதாவது வங்கியைத் தொடாமல் ஆள் மூலம் கைமாற்றும் ஹவாலாவில். இந்த நம்பிக்கையில்தான் நம் ஊர்கள் எழும்பின, அதைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் ஊர்க்காரர் ஆன பின் அந்த லாபம் இங்கே வரிக்குரிய வருமானம், அந்தப் பங்கு அட்டவணையில் எழுத வேண்டிய சொத்து. தாளே இல்லாத பங்கை எப்படி எழுதுவது? உண்டியலில் வந்ததை எங்கிருந்து வந்தது என்று எப்படிக் காட்டுவது? உண்டியலே சட்டத்துக்குப் புறம்பு என்பது தனிக் கதை. பங்காளிகளை உட்கார வைத்து ஓர் ஒப்பந்தமாவது எழுத வைக்கவும், லாபத்தை வங்கி வழியாக அனுப்பச் சொல்லவும் ஜமாஅத்தால் முடியும். என்னால் முடியாது. தலாக், பாகப்பிரிவினை என்று எத்தனை பஞ்சாயத்தைத் தீர்த்து வைக்கிறீர்கள், இது அவற்றைவிடக் கடினமா?

மலேசியாக்காரர்களுக்கு வேறு மாதிரி. வளைகுடாவில் சம்பளத்துக்கு வரி இல்லாததால் இங்கே கழித்துக்கொள்ளவும் ஒன்றும் இல்லை. மலேசியாவில் வாடகைக்கு விட்ட வீட்டுக்கு அங்கே வரி கட்டியிருந்தால், இரு நாட்டு ஒப்பந்தப்படி அதை இங்கே கழித்துக்கொள்ளலாம். அதற்கு அங்கே கட்டிய ரசீதும், 2025-26 கணக்கு வரைக்கும் 67ஆம் எண் படிவமும் வேண்டும். நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு ஐசி அட்டை வைத்திருந்து, அங்கத்திய சேமநிதியான இபிஎஃப் பணத்தை எடுக்காமல் வந்தவர்கள் அதையும் அட்டவணையில் எழுத வேண்டும். கொழும்பில் வாப்பா விட்டுப் போன கடையில் பங்கு உள்ள கீழக்கரைக் குடும்பங்களுக்கும் அதே விதிதான். வாரிசாக வந்ததும் சொத்துதான்.

கப்பலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு, கப்பல் பணியைப் பதியும் சிடிசி புத்தகம்தான் சாட்சி. வெளிநாட்டுப் பயணக் கப்பலில் ஏறியதாக அதில் குறித்த நாளிலிருந்து இறங்கிய நாள் வரை இந்தியாவில் இருந்த நாளாக எண்ணுவதில்லை. பஹ்ரைன், சவுதி, குவைத் கடலுக்குப் பங்குக்கு மீன்பிடிக்கப் போய்வரும் நம் மீனவர்களைப் பொறுத்தவரை, தலைவர்களே, இந்த மடலில் பயப்பட ஒன்றும் இல்லை. அங்கே கணக்கு இல்லை, சொத்து இல்லை, பாடு பார்த்த காசை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "நோட்டீஸ் வரப்போகுது, பத்தாயிரம் குடு, நான் முடிச்சுத் தாரேன்" என்று குப்பத்துக்குள் யாராவது வந்தால் திருப்பி அனுப்புங்கள். அவர்களுக்கு வேண்டியது பான் அட்டை உயிரோடு இருக்கிறதா என்று ஒரு தடவை பார்ப்பதுதான். வெளிநாட்டில் வசிப்பவருக்கு ஆதார் இணைப்பிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் அந்த விவரம் துறையின் பதிவில் ஏறாதவர்களின் பான், 2023 ஜூலை 1 முதல் செயலிழந்துபோயிற்று. வீட்டில் சும்மா கிடக்கும் அட்டை செத்துப்போனது, டெபாசிட் வட்டியில் கூடுதலாகப் பிடிக்கும்போதுதான் தெரியவருகிறது.

இப்போது உங்களிடம் கேட்பதைக் கேட்டுவிடுகிறேன்.

வெளிநாட்டுச் சங்கங்களே, கேன்சலில் போகிறவருக்குப் பிரியாணி போட்டு, சால்வை போர்த்தி, போட்டோ எடுத்து அனுப்பி வைக்கிறீர்கள். அந்தச் சால்வையோடு தமிழில் ஒரு தாளையும் கையில் கொடுங்கள். சர்வீஸ் பணத்தை அங்கேயே உங்கள் கணக்கில் வாங்கிக்கொண்டு பிறகு அனுப்புங்கள், கம்பெனியை நேராக இந்தியக் கணக்கில் போடச் சொல்லாதீர்கள், ஏனென்றால் முதன்முதலில் இந்தியாவில் கைக்கு வந்த வருமானம் என்று கேள்வி எழ அது இடம் கொடுக்கும். சம்பளச் சான்றும் கடைசி சில ஆண்டு வங்கி ஸ்டேட்மெண்டும் முத்திரையோடு வாங்கி வையுங்கள், கம்பெனி மூடிப்போனால் அப்புறம் கிடைக்காது. வேண்டாத கணக்கை மூடிவிட்டு, மூடிய கடிதத்தைக் கையில் வாங்குங்கள். ஊர் வந்ததும் வங்கிக்குப் போய் என்ஆர்ஈயை மாற்றுங்கள். எந்த ஆண்டு வரை ஆர்என்ஓஆர் என்று ஒரு தடவை எண்ணிக் குறித்து வையுங்கள். இவ்வளவுதான், ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். எழுதித் தர நான் இருக்கிறேன், அச்சுக் கூலி சங்கத்துடையது.

ஊர் ஜமாஅத்துகளே, நீங்கள் கேட்டால் வருமான வரித் துறையும் வரும். விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துவது அவர்கள் வேலைகளில் ஒன்றுதான். தனி ஆள் போய்க் கேட்டால் மனுவை வாங்கி வைத்துக்கொள்வார்கள், ஐந்தாறு ஊர் சேர்ந்து லெட்டர்பேடில் கேட்டால் தேதி கொடுப்பார்கள். படிவத்தின் விளக்கக் குறிப்பைத் தமிழில் தரச் சொல்லியும், இந்தக் கரைக்கு அனுப்பும் குறுஞ்செய்தியைத் தமிழிலும் அனுப்பச் சொல்லியும் அதே மனுவில் எழுதுவோம். கணக்கை மூடாமல் மறந்து வந்தவரையும் கோடி கோடியாக ஒளித்தவரையும் ஒரே குரலில் மிரட்ட வேண்டாம் என்றும் எழுதுவோம். சென்னையில் ஜனவரி 12இல் அயலகத் தமிழர் தினம் கொண்டாடும் மாநில அரசிடமும் இதைக் கேட்கலாம். போகிறவர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள், திரும்பி வருகிறவர்களுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கட்டும்.

ஏற்கெனவே தவறவிட்டவர்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள். அவர்களிடம் ஒளிந்துகொள்ளச் சொல்லாதீர்கள். திருத்திய கணக்குக்குக் கெடு இருக்கிறது. அது போய்விட்டாலும், வரி கூடுதலாகக் கட்ட வேண்டிய கணக்கானால், கணக்கு ஆண்டு முடிந்து அதற்கடுத்த ஆண்டும் கழிந்த பிறகு 48 மாதம் வரை ஐடிஆர்-யு என்ற பிந்திய திருத்தக் கணக்கைப் போட வழி இருக்கிறது. 2025இல்தான் இதை 24 மாதத்திலிருந்து நீட்டினார்கள். தாமதம் ஆக ஆகக் கூடுதல் வரி 25 சதவீதத்தில் தொடங்கி 70 வரை ஏறும். ஆனால் நோட்டீஸ் வந்த பின் இந்த வாசல்களில் சில மூடிவிடும், வரும் முன் போனால்தான் உண்டு. 2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதில் 2025ஆம் ஆண்டுச் சட்டம். பிரிவு எண்கள் வேறு, 'வரி ஆண்டு' என்பது புதுப் பெயர். மேலே சொன்ன 182, 729 கணக்கு அப்படியேதான் இருக்கிறது. "சட்டமே மாறிடுச்சு, பழசெல்லாம் தள்ளுபடி" என்று வாட்ஸப்பில் வந்தால் நம்ப வேண்டாம்.

பெருநாள் லீவுக்கு ஆட்கள் ஊரில் இருக்கும் வாரம் எது என்று உங்களுக்குத்தான் தெரியும். அதில் ஒரு நாள், அஸருக்கும் மக்ரிபுக்கும் இடையில், மதரஸா ஹாலைத் திறந்து கொடுங்கள். மீனவ கிராமங்களில் சமுதாயக் கூடம் போதும். ஃபிளெக்ஸ் வேண்டாம், பொன்னாடை வேண்டாம், மேடையும் வேண்டாம். வருகிறவர்கள் பழைய பாஸ்போர்ட், டெபாசிட் ரசீது, இதுவரை போட்ட ஐடிஆர் தாள் மூன்றையும் எடுத்து வரட்டும். ஓடிபியை மட்டும் யாரிடமும், என்னிடமும், சொல்ல வேண்டாம். பெண்களையும் கூப்பிடுங்கள், அநேக வீடுகளில் ரசீது எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். தேதியைச் சொல்லி அனுப்புங்கள், கால்குலேட்டரோடு வந்து உட்காருகிறேன்.

இப்படிக்கு,
ராமநாதபுரத்திலிருந்து,
உங்கள் ஊர்க்காரர்களின் கணக்கு பார்க்கும் ஒருவன்